ஏ40 டெவொனுக்கு வி8 போட்டா எந்த ஓட்டோ கியர்பொக்ஸ் வைக்கிறது?

பரந்தன் பக்கத் தம்பி ஒராள் கேட்டிருந்தார். அம்மப்பான்ர பழைய ஆஸ்டின் ஏ40 டெவொன் ஒண்டு கொட்டிலுக்குப் பின்னால கிடந்ததை எடுத்து, சேசியை மணல் அடிச்சுச் சுத்தம் பண்ணி, டொயோட்டா செல்சியர் காரின்ட ஹாஃப் கட் (வெட்டி இறக்கிற முன்பாதி) ஒண்டில இருந்து கழட்டின 1யூஸெட் எண்ட எட்டுச் சிலிண்டர் வி8 எஞ்சினை அதுக்குள்ள இறக்கி வைச்சிருக்கிறாராம், இனி ஒரு டேர்போவும் போட்டு 500 ஹோர்ஸ்பவர் எடுக்கிற பிளான். எஞ்சினோட வந்த டொயோட்டா ஓட்டோ பொக்ஸையே (தானா மாறுற கியர்பொக்ஸ்) வைக்கிறதோ, இல்லாட்டி ரொறன்ரோவில இருக்கிற மச்சான் அனுப்பிறன் எண்டு நிக்கிற அமெரிக்கன் பொக்ஸ் ஒண்டை எடுக்கிறதோ எண்டதுதான் கேள்வி. மச்சான் பவர்கிளைட், டிஎச்400, 4எல்80ஈ எண்டு மூண்டு பேர் சொல்லியிருக்கிறார். எது 500 தாங்கும் எண்டு கேக்கிறீர் தம்பி.

நான் சொல்லுறது இதுதான், டொயோட்டா பொக்ஸையே வைச்சிரும், மச்சானிட்ட கியர்பொக்ஸ் கேக்காதையும், நல்ல டோர்க் கொன்வேட்டர் (எஞ்சினுக்கும் பொக்ஸுக்கும் இடையில ஒயிலால பலத்தைக் கடத்திற சாமான்) ஒண்டும் பெரிய ஒயில் கூலர் ஒண்டும் கேளும். ஏன் எண்டு கீழ எழுதிறன், கொஞ்சம் நீளும், பொறுமையா வாசியும்.

முதல்ல ஒண்டு, ஏ40க்கு வி8 போடுறதை ஊரில நாலு பேர் விசர் வேலை எண்டு சொல்லுவினம். சொல்லட்டும். 1960களில அமெரிக்காவில ட்ராக் (drag) ரேஸில, அதாவது நிண்ட இடத்தில இருந்து நேரா குறுந்தூரம் ஓடுற போட்டியில, கெஸர் எண்டு ஒரு வகுப்புக் கார் ஓடினது, முன்பக்கம் தூக்கி நிக்கிற பழைய சின்னக் கார்களுக்குள்ள பெரிய வி8 போட்டு ஓட்டுறது, அதில வில்லிஸ், ஆங்கிலியாவோட இந்த ஏ40 டெவொனும் நல்லா ஓடின கார். காரணம் லேசு, பாரம் குறைவு, சேசி தனியா இருக்கிறபடியால் வெட்டி ஒட்டுறது சுகம். எங்கட பக்கம் இதே கார்கள் சண்டைக்காலப் பொருளாதாரத் தடை நேரம் ஸ்டார்ட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோல் ஊத்திப் பேந்து மண்ணெண்ணெயில ஓடினதுகள், ஹயருக்கு ஆக்களையும் ஆஸ்பத்திரிக்கு நோயாளியளையும் ஏத்திக்கொண்டு. அதால கார் பாவம் எண்டு ஒருத்தரும் அழத் தேவையில்லை, அது பாக்காத பாடு இல்லை.

சரி, "500 தாங்குமா". இந்தக் கேள்வியில அரைவாசி இல்லை தம்பி. கியர்பொக்ஸ் ஹோர்ஸ்பவரைப் பாக்கிறதில்லை, அதுக்குத் தெரியிறது டோர்க்கும் (முறுக்கிற விசை) சூடும்தான். 500 ஹோர்ஸ்பவர் எஞ்சின் நிமிசத்துக்கு 6000 சுத்தில வருதெண்டா அந்த இடத்தில டோர்க் 590 நியூட்டன் மீற்றருக்குக் கிட்ட. அதே 500ஐ 4500 சுத்தில எடுத்தா 790. பேரில ரெண்டும் 500தான், பொக்ஸுக்கு ரெண்டும் வேற வேற. பெரிய டேர்போவா வைச்சு மேல் சுத்தில பவர் எடுத்தா பொக்ஸ் பிழைக்கும், சின்ன டேர்போவா வைச்சு 3000இலயே முழு பூஸ்ட் (டேர்போ அமத்தித் தள்ளிற காத்து) அடிச்சா அதே எண்ணுக்கு பொக்ஸ் செத்துப்போகும். உம்மட எஞ்சின் முதல்கால மொடல் எண்டா கொம்பனியில இருந்து வரேக்க 4 லீற்றர், 353 நியூட்டன் மீற்றர்தான், பொக்ஸும் அந்தக் கணக்குக்குச் செய்ததுதான்.

அடுத்தது பாரம். ரெண்டு டொன் லேண்ட் குரூசர் ஒண்டு பின்னால ட்ரெய்லர் இழுத்துக்கொண்டு 250 ஹோர்ஸ்பவரில பொக்ஸைத் திண்டுபோடும், உம்மட ஏ40 வி8ஓட சேத்தும் ஒரு டொன்னைக் கொஞ்சம் தாண்டினாலே பெரிய விசயம். கார் லேசெண்டா கிளச் பிளேட் நழுவுற நேரம் குறைவு, கார் கெதியா வேகம் எடுத்திரும், பிளேட் கெதியாக் கவ்விரும். அதோட உம்மட ரயர். 235 அகல ரோட்டு ரயருக்கு 590 நியூட்டன் மீற்றர் முதல் கியரில வந்தா அது சுத்தும், அவ்வளவுதான். ரயர் சுத்தினா பொக்ஸுக்குப் போற பளு ஒரு அளவுக்கு மேல ஏறாது. ட்ராக் ரேஸ்காரர் பொக்ஸை உடைக்கிறது பவரால மட்டுமில்லை, ஒட்டுற ரயர் போட்டு அந்தப் பவரை முழுசா ரோட்டில இறக்கிறதாலதான்.

இனிச் சூடு. ஓட்டோ பொக்ஸ் சாகிறதில கனக்க இதால சாகிறதுதான், உடைஞ்சு சாகிறது குறைவு. ஒரு கணக்குப் பாரும். பிரேக்கை மிதிச்சுக்கொண்டு ட்ரைவில போட்டு அக்சிலேற்றரைக் குத்தினா கார் அசையாது, எஞ்சின் குடுக்கிற முழு வேலையும் கொன்வேட்டருக்குள்ள இருக்கிற ஒயிலைச் சூடாக்கிறதிலதான் முடியும். எஞ்சின் அப்ப 100 கிலோவாட் குடுக்குதெண்டு வையும், அஞ்சு செக்கனுக்கு 500 கிலோஜூல். பொக்ஸில இருக்கிற எட்டு லீற்றர் ஒயில் முழுக்க அதை வடிவாப் பகிர்ந்து எடுத்தாலும் 35 பாகைக்கு மேல ஏறும், உண்மையில பகிராது, கொன்வேட்டருக்குள்ள நிக்கிற ஒயில்தான் முழுசையும் வாங்கும், அங்க இன்னும் கூட. டொயோட்டா மனுவலில இப்பிடி மிதிச்சுப் பாக்கிற ஸ்டோல் டெஸ்டை அஞ்சு செக்கனுக்கு மேல செய்யாதீங்கோ எண்டு எழுதியிருக்கிறது சும்மா இல்லை. கராஜுக்கு வெளியில ரீல்ஸ் எடுக்கிறதுக்கு அரை நிமிசம் புகை கிளப்பிற பெடியளுக்கு இதைக் காட்டும்.

ஒயில் 80, 90 பாகையில நிக்கிறவரைக்கும் அது வருசக்கணக்கில கிடக்கும். 115, 120ஐத் தாண்டினா ஒயில் வார்னிஷ் மாதிரி ஒட்டத் தொடங்கும், வால்வ் பொடியில (கியர் மாத்த ஒயிலைப் பிரிச்சு அனுப்பிற பகுதி) வால்வுகள் இறுகும், இன்னும் ஏறினா ரப்பர் சீல் காய்ஞ்சு கல்லாப் போகும், 145க்குக் கிட்டப் போனா கிளச் பிளேட்டே நழுவி எரியும். அமெரிக்கன்காரர் வழமையாச் சொல்லுற கணக்கு, 80 பாகைக்கு மேல ஒவ்வொரு 11 பாகைக்கும் ஒயிலின்ட ஆயுசு பாதியாகும் எண்டு. இதில எங்கட ஊர் வெய்யிலும் சேரும். சித்திரை மாசம் ஏ9 தார் ரோட்டுக்கு மேல கொதிக்கிற காத்து வேற, ரேடியேற்றருக்கும் எயார் கண்டிஷன் கொண்டென்சருக்கும் பின்னால வைச்ச சின்னக் கூலர் அங்க என்னத்தைக் குளிராக்கப்போகுது.

இப்ப முக்கியமான இடத்துக்கு வாறன், கொன்வேட்டர். இதைத்தான் கனபேர் கடைசியா யோசிக்கிறது, முதல்ல யோசிக்கவேணும்.

ஸ்டோல் எண்டது, கார் நிக்கேக்க எஞ்சின் எவ்வளவு சுத்துக்கு மேல ஏறமாட்டுது எண்ட அளவு. டேர்போ எஞ்சினுக்கு ஸ்டோல் கொஞ்சம் கூட இருந்தா டேர்போ கெதியா எழும்பும், அதால எல்லாரும் 3000, 3500 ஸ்டோல் வாங்கு எண்டு சொல்லுவினம். அது ட்ராக்குக்குச் சரி. இப்ப உம்மட காரின்ட ரோட்டுக் கணக்கைப் பாப்பம். 235/60ஆர்15 ரயர் எண்டா ஒரு சுத்துக்கு 2.08 மீற்றர், 70 கிலோமீற்றர் வேகத்தில ரயர் நிமிசத்துக்கு 560 தரம் சுத்தும். டிஃப் (பின் அச்சில இருக்கிற கியர்) 3.9 எண்டா நேர் கியரில எஞ்சின் 2180. ஓவர்ட்ரைவ் 0.705இல, அதாவது பொக்ஸில இருந்து வெளியில போற தண்டு ஒரு சுத்துச் சுத்த எஞ்சின் 0.705 சுத்து மட்டும் சுத்திற கடைசிக் கியரில, 1540. எங்கட ரோட்டில பட்டினத்துக்கு வெளியில காருக்குச் சட்டப்படி 70தான், ஹைவேயில 100, வன்னியில ஹைவே எங்க இருக்கு. ஓமந்தையில இருந்து மாங்குளம் வரைக்கும் நீர் ஓட்டப்போறது முழுக்க 1500க்கும் 2200க்கும் இடையிலதான்.

இப்ப 3500 ஸ்டோல் கொன்வேட்டரை வைச்சு 1800 சுத்தில ஓடினா, கொன்வேட்டர் முழுசாக் கவ்விற இடத்துக்கே நீர் வரேல்ல. அது நழுவிக்கொண்டே போகும், நழுவுற ஒவ்வொரு வீதமும் சூடு, அதோட பெற்றோல். ட்ராக்கில பத்துப் பன்னிரண்டு செக்கன் ஓடிட்டு நிப்பாட்டி ஆறவிடுறவைக்கு அது பிரச்சினை இல்லை, கிளிநொச்சியில இருந்து வவுனியாவுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல ஓடுற உமக்குப் பிரச்சினை. அதால உம்மட காருக்கு ஓவர்ட்ரைவ் இருக்கோ எண்டதை விட லொக்கப் இருக்கோ எண்டதுதான் பெரிய கேள்வி. லொக்கப் எண்டா கொன்வேட்டருக்குள்ளயே ஒரு கிளச், ஓட்டம் நிலையான பிறகு அது பிடிச்சா நழுவலே இல்லை, சூடும் டக்கெண்டு இறங்கும். 70இல நேர் கியரிலேயே 2180 எண்டா ஓவர்ட்ரைவ் இல்லாட்டியும் ஒரு குடியும் முழுகாது, லொக்கப் இல்லாட்டித்தான் முழுகும்.

இன்னொண்டு, "3000 ஸ்டோல்" எண்டு ஆர் சொன்னாலும் எந்த எஞ்சினுக்குப் பின்னால எண்டு கேளும். ஒரே கொன்வேட்டர் டோர்க் கூடின எஞ்சினுக்குப் பின்னால கூட ஸ்டோல் ஆகும், டோர்க் சுத்தின்ட வர்க்கத்தோட போறதால. 353 நியூட்டன் மீற்றருக்கு 2200 ஸ்டோல் ஆகிற சாமான் 590க்கு 2850 கிட்ட வரும். ஆனா டேர்போ எஞ்சின் நிக்கேக்க பூஸ்ட் இல்லாத எஞ்சின்தானே, அதால முதல்ல 2200இலதான் நிக்கும், பூஸ்ட் ஏற ஏற அதுவும் ஏறும். உமக்கு இது நல்லது. அதாவது கொம்பனி கொன்வேட்டரை விட ஒரு 400, 500 கூட ஸ்டோல் ஆகிற, லொக்கப் கிளச் பலப்படுத்தின கொன்வேட்டர் ஒண்டே காணும். அதுக்கு மேல போகாதையும்.

இனிப் பொக்ஸ்களை ஒவ்வொண்டாப் பாப்பம், மச்சான்ர லிஸ்டில இருந்தே.

பவர்கிளைட்டை முதல்லயே தள்ளிவிடும். ரெண்டு கியர்தான், முதல் கியர் 1.76, லேசானது, எஞ்சின் பவரைக் குறைவாத்தான் திண்ணும், அதாலதான் 1973இல உற்பத்தி நிண்ட பிறகும் ட்ராக்காரர் இண்டைக்கும் அதைக் கட்டி ஓட்டினம். ஆனா மாட்டுப்பட்டிக்குப் பின்னால ஊர்ந்து, முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில நிப்பாட்டி, திரும்ப எடுத்து எண்டு ஓடுற ரோட்டுக்கு அது இல்லை.

டிஎச்400 வேற ஆள். 1964இல ஜிஎம் கொண்டுவந்தது, மூண்டு கியர், 2.48, 1.48, 1. ரோல்ஸ் ரொய்ஸும் ஜகுவாரும் ஃபெராரி 400உம் சொந்தமாச் செய்யாமல் இதை வாங்கிப் போட்டதுகள், அதில இருந்தே விளங்கும். கொம்பியூட்டர் ஒண்டும் வேண்டாம், வக்கூம் மொடுலேற்றருக்கு (எஞ்சின் உறிஞ்சலைப் பாத்து ஒயில் அமுக்கத்தை மாத்திற சாமான்) ஒரு குழாய், கிக் டவுனுக்கு (அடிவரைக்கும் மிதிக்கேக்க கீழ் கியருக்கு இறங்கிறது) ஒரு வயர், அவ்வளவு. டேர்போ எஞ்சினுக்கு அந்தக் குழாயில ஒரு வழி வால்வ் ஒண்டு போடவேணும், இல்லாட்டி பூஸ்ட் போய் டயஃப்ராமை உடைக்கும். பவர் எண்டு பாத்தா இது உம்மட பிளானை மூச்சு வாங்காமல் தாங்கும். ஆனா லொக்கப் இல்லை. அதோட 60 கிலோவுக்கு மேல, 1யூஸெட்டுக்குப் பூட்ட அடப்டர் பிளேட் வேணும், ஃபிளெக்ஸ் பிளேட் (எஞ்சினையும் கொன்வேட்டரையும் இணைக்கிற தட்டு) வேணும், ஏ40இன்ட தரையை வெட்டிப் பொக்ஸுக்கு மேல மேடு அடிக்கவேணும். எல்லாத்துக்கும் மேல, அதின்ட ஒரு சீல் போனா அது கொழும்பிலயும் கிடைக்காது, மச்சான்தான் அனுப்பவேணும்.

4எல்80ஈ அதே டிஎச்400க்கு ஓவர்ட்ரைவும் லொக்கப்பும் கொம்பியூட்டரும் வைச்சது, 1991இல வந்தது, நாலாவது 0.75. காகிதத்தில உமக்குப் பொருத்தம் இதுதான், ஓம். ஆனா 100 கிலோவுக்கு மேல இரும்பு, நீளம், அகலம், தனியாக் கொன்ட்ரோலர் வேணும், ட்யூன் பண்ணத் தெரிஞ்ச ஆள் வேணும். ஒரு டொன் காருக்குள்ள அந்தப் பொக்ஸ் வைக்கிறது தேவையில்லாத பாரம் எண்டுதான் நான் சொல்லுவன். 800, 900 எண்டு போற எண்ணம் வந்தா அப்ப கதைப்பம்.

மச்சான் சொல்லாததில ரெண்டு. 700ஆர்4, பிறகு 4எல்60 எண்டு பேர் மாறினது, அமெரிக்காவில பழைய கார் செய்யிறவை கனபேர் போடுறது, முதல் கியர் 3.06, ரெண்டாவது 1.63. அந்த இடைவெளியைப் பாரும், 6000இல மாத்தினா எஞ்சின் 3200க்கு விழும், டேர்போ திரும்ப எழும்பவேணும். டொயோட்டாவில 2.53இல இருந்து 1.53, அதே மாத்தலுக்கு 3600க்கு மேல நிக்கும். மற்றது ஸெட்எஃப் 8எச்பி, இப்ப உலகம் முழுக்க எல்லாரும் ஓடுறது இதுக்குப் பின்னாலதான், 2009இல பிஎம்டபிள்யூவில முதல்ல வந்தது. எட்டுக் கியர், 8எச்பி70 எண்டா 700 நியூட்டன் மீற்றருக்குச் செய்தது, மாத்திற வேகம் கண்ணை மூடித் திறக்க முந்தி. அருமையான பொக்ஸ், சந்தேகமே இல்லை. ஆனா மூளை பொக்ஸுக்குள்ளயே இருக்கு, அது எஞ்சின் கொம்பியூட்டரோட கான் லைன் எண்ட வயரால கதைக்கவேணும், வெளிக் கொன்ட்ரோலர் இல்லாமல் அசையாது. முதல் கியர் 4.7, உம்மட 3.9 டிஃபோட பெருக்கினா 18க்கு மேல, முதல் கியரைப் போட்ட உடன முடிஞ்சிரும், டிஃபையும் மாத்தவேணும். ஒயில் லெவல் பாக்கிறதே எஞ்சின் ஓடேக்க, ஒயில் 30இல இருந்து 50 பாகைக்குள்ள நிக்கேக்க. எங்கட ஊரில மத்தியானம் கார் நிழலில நிண்டாலே ஒயில் 30ஐத் தாண்டியிருக்கும்.

இனி உம்மட்ட இருக்கிற பொக்ஸ். 1997க்கு முந்தின செல்சியர் 1யூஸெட்டோட வந்தது ஏ341ஈ, ஏ340 குடும்பம், நாலு கியர், லொக்கப் இருக்கு, 2.53, 1.53, 1, 0.705. இதை நான் முன்னுக்கு வைக்கிறதுக்கு முதல் காரணம் பலமில்லை, சாமான். சுப்ராவில வந்ததும் இந்தக் குடும்பம், ஜீப் செரோக்கியில ஏடபிள்யூ4 எண்ட பேரில வந்ததும் இந்தக் குடும்பம், கிளிநொச்சியில பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால நிக்கிற ஓட்டோ கேடிஎச் ஹையேஸிலயும் இந்தக் குடும்பம்தான். எல்லா உள்சாமானும் ஒண்டுக்கொண்டு பொருந்தும் எண்டு சொல்லேல்ல, கிளச் பிளேட் எண்ணிக்கை மொடலுக்கு மொடல் மாறும், டிரம் ஆழம் மாறும், கழட்டி வைச்சு எண்ணிப் பாத்துத்தான் வாங்கவேணும். ஆனா இந்தப் பொக்ஸைத் திறந்து பூட்டத் தெரிஞ்ச கை வவுனியாவிலயும் யாழ்ப்பாணத்திலயும் இருக்கு, கொழும்பில பழைய கார்ச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில போய்க் கேட்டா கடைக்காரன் உம்மை விசித்திரமாப் பாக்கமாட்டான். அமெரிக்கன் பொக்ஸ் பேரைச் சொல்லும் பாப்பம்.

அந்தப் பொக்ஸில கவனிக்கிற இடம் ஓவர்ட்ரைவ் பகுதி. இந்தக் குடும்பத்தில ஓவர்ட்ரைவ் செட் முன்னுக்கு இருக்கு, பம்புக்குக் கிட்ட, அதால முதல் கியரில போனாலும் எஞ்சின் டோர்க் அதுக்குள்ளாலதான் போகும். அதின்ட கிளச்சுக்கு இடம் சின்னன். கட்டேக்க அந்த டிரம்முக்கு ஏலுமான அளவு பிளேட் கூட்டும், நல்ல பிளேட் போடும். ஓட்டேக்க, பூஸ்ட் அடிக்கப்போறீர் எண்டா ஓடி ஓஃப் (ஓவர்ட்ரைவை நிப்பாட்டிற) சுவிச்சை அமத்திப்போட்டு அடியும், நாலாவதில நிண்டு குத்தாதையும்.

இப்ப நான் கராஜில முதல்ல பாக்கிறதைச் சொல்லித்தாறன், ஏனெண்டா பொக்ஸ் பலமில்லை எண்டு கழட்டி எறிஞ்ச பொக்ஸில கனக்க இதாலதான் செத்தது. த்ரொட்டில் பொடியில இருந்து பொக்ஸுக்கு ஒரு கேபிள் போகுது எல்லே, அதை எல்லாரும் கிக் டவுன் கேபிள் எண்டு நினைச்சு, எஞ்சின் மாத்தேக்க ஏனோதானோ எண்டு கொழுவி விடுவினம், சிலர் கொழுவிறதே இல்லை. பழைய ஏ340களில அதின்ட முக்கிய வேலை லைன் பிரஷர். நீர் அக்சிலேற்றரை எவ்வளவு மிதிச்சீர் எண்டு பொக்ஸுக்குச் சொல்லுறது அதுதான், அதைப் பாத்துத்தான் பொக்ஸ் ஒயில் அமுக்கத்தை ஏத்தி கிளச்சை இறுக்கிப் பிடிக்கும். கேபிள் தொய்ஞ்சு கிடந்தா எஞ்சின் 590 நியூட்டன் மீற்றரைத் தள்ளேக்க பொக்ஸ் ஐடிலில நிக்கிற நினைப்பில மெத்தெண்டு பிடிக்கும், கியர் மாறுறது சொகுசா இருக்கும், அந்தச் சொகுசு முழுக்க பிளேட் நழுவுறது, ஒரு கிழமையில முடிஞ்சிரும்.

சரிபாக்கிறது இப்பிடி. ஒராளை உள்ளுக்கு இருத்தி அக்சிலேற்றரை அடிவரைக்கும் மிதிக்கச் சொல்லும், த்ரொட்டில் முழுசாத் திறந்திருக்கவேணும், அதையும் கண்ணால பாரும், தரை விரிப்புத் தடுத்து முக்கால்வாசியில நிக்கிறதும் நடக்கும். அப்ப கேபிளில ஒரு சின்ன ஈயக் குமிழ் மாதிரி ஸ்டொப்பர் இருக்கும், கேபிள் கவரின்ட ரப்பர் நுனிக்கும் அதுக்கும் இடையில 0இல இருந்து 1 மில்லிமீற்றர். ஒண்டுக்கு மேல இருக்கக்கூடாது. நீர் வேற த்ரொட்டில் பொடி போட்டா அதின்ட சக்கரத்தின்ட வட்டமும் மாறும், கேபிள் இழுபடுற தூரம் மாறும், அப்ப ரெண்டு நுனியும் சரிவராது, அந்தச் சக்கரத்தைப் பழையதில இருந்து கழட்டிப் போடும். 1997க்குப் பிறகு வந்த வீவீடிஐ (வால்வ் திறக்கிற நேரத்தை மாத்திற) எஞ்சின் எண்டா பொக்ஸே வேற, அஞ்சு கியர் ஏ650ஈ, அதில இந்தக் கேபிள் இல்லை, சொலனோயிட் (கரண்டில வேலை செய்யிற வால்வ்) தான், அதுக்குக் கொன்ட்ரோலர் பாக்கவேணும். உம்மட எஞ்சின் எந்த வருசம் எண்டு எழுதேல்ல நீர்.

வால்வ் பொடிக்கு ஷிஃப்ட் கிட் ஒண்டு போடும். லைன் பிரஷரைக் கொஞ்சம் ஏத்தி, ஒரு கிளச் விட்டு மற்றது பிடிக்கிற இடைவெளியைக் குறைக்கிறதுதான் அது. கொஞ்சம் இடிச்சு மாறும், மனிசி பக்கத்தில இருந்தா ஒரு பார்வை பாப்பா, பரவாயில்லை. ஆனா அளவுக்கு மிஞ்சி ஏத்தி ஒவ்வொரு கியருக்கும் முதுகில குத்திற மாதிரி வைச்சா டிரைவ் ஷாஃப்ட் ஜொயின்டும் டிஃபும் அழும்.

பூட்டேக்க ஒரு இடம். கொன்வேட்டரைப் பொக்ஸுக்குள்ள தள்ளேக்க சும்மா போய் நிண்டிட்டுது எண்டு விடாதையும். சுத்திச் சுத்தித் தள்ளும், ஒரு தரம் விழும், திரும்ப விழும், கடைசியா பம்புக்குள்ள இறங்கேக்க "டொக்" எண்டு ஒரு விழுகை, அது வரவேணும். பிறகு பொக்ஸை எஞ்சினில இறுக்கினதும் கொன்வேட்டருக்கும் ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் இடையில சில மில்லிமீற்றர் இடைவெளி நிக்கும், கொன்வேட்டரைக் கையால முன்பின் அசைக்க ஏலும். இடைவெளி இல்லாமல் போல்ட் போட்டு இறுக்கித்தான் பொக்ஸ் எஞ்சினோட சேருது எண்டா உடன நிப்பாட்டும், ஸ்டார்ட் பண்ணின நிமிசத்தில பம்ப் உடையும். மூண்டு நாள் வேலை மூண்டு செக்கனில போகும்.

கூலர் விசயம். ரேடியேற்றருக்குள்ள இருக்கிற கூலரையும் விடாதையும், அதுக்குப் பிறகு வெளியில ஒரு பிளேட் கூலர், பெரிசு, தனி ஃபானோட. டேர்போக் குழாயில இருந்து தள்ளி லைனை ஓட்டும். சாதாரண பெற்றோல் ஹோஸைக் கிளிப் போட்டு இறுக்கிவிட்டு முறிகண்டியில தேங்காய் உடைச்சாலும் பிள்ளையார் அந்த ஹோஸைக் காப்பாத்தமாட்டார், ஓட்டோ ஒயிலுக்கெண்டு வாற ஹோஸ் போடும், குழாய் நுனியை ஃபிளேர் பண்ணும். ஒயில் சம்பில ஒரு சூடு மீற்றர் சென்சர் கட்டாயம். கொன்வேட்டரில இருந்து வெளியில வாற லைனில வைச்சா முள் துள்ளும், அதைப் பாத்துப் பயந்துபோவீர், சம்பில வைச்சா உண்மையான நிலை தெரியும். 110ஐத் தாண்டினா ஓரமா நிப்பாட்டி, நியூட்ரலில எஞ்சினை ஓடவிடும், ஓஃப் பண்ணாதையும், ஓடினாத்தான் ஒயில் கூலருக்குப் போகும்.

வன்னிக்கு மட்டும் ஒண்டு சொல்லவேணும், பிரீதர். பொக்ஸுக்கு மேல ஒரு சின்னக் காத்துக் குழாய் இருக்கும். மார்கழி மழைக்குக் குளம் வான் பாயேக்க ரோட்டை மேவித் தண்ணி நிக்கிற இடத்தில, சூடான பொக்ஸோட இறங்கினா, பொக்ஸ் டக்கெண்டு குளிர்ந்து உள்ளுக்குக் காத்து சுருங்கும், அந்தக் குழாயால தண்ணியை இழுக்கும். பிறகு டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாத்தா ஒயில் ரோஸ் நிறத்தில பால் கலந்த மாதிரி வரும். அதைக் கண்டா ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம், தண்ணி கிளச் பிளேட்டில ஒட்டியிருக்கிற பசையைக் கழட்டும், ஒயிலை மாத்தினாலும் பிளேட் பேந்து உரிஞ்சு வரும். அந்தப் பிரீதருக்கு ஒரு ரப்பர் குழாய் கொழுவி ஃபயர் வோலுக்கு மேல வரைக்கும் கொண்டுபோய் விட்டீர் எண்டா கோடையில செம்மண் தூசும் போகாது.

பிரேக்கையும் பாக்கவேணும், அதுவும் ஓட்டோ எண்டபடியால் கூட. டெவொனில முன்பக்கம்தான் ஹைட்ரோலிக், பின்பக்கம் கம்பியில இழுக்கிறது. ஓட்டோ கார் ட்ரைவில போட்டாலே முன்னுக்குப் போகப் பாக்கும், ஸ்டோல் கூடின கொன்வேட்டருக்குப் பின்னால வி8 நிண்டு தள்ளேக்க அந்த டிரம் பிரேக் சிக்னலில நிக்கிறதுக்கே காணாது. ஹைலக்ஸ் டிஃப் போடுறீர் எண்டு எழுதினீர், அப்ப முன்னுக்கும் டிஸ்க்கும் பூஸ்டரும் போட்ட பிறகுதான் பொக்ஸ் வேலை. பார்க் நியூட்ரலில மட்டும் ஸ்டார்ட் ஆகிற சுவிச்சை நேர வயர் போட்டு விடாதையும், ஆரேன் சின்னப் பிள்ளை சாவியைத் திருப்பும். எஞ்சின் மாத்தினதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில புத்தகத்தில ஏத்தும், அதை விட்டா பொலிஸ் மறிக்கிற நாளில கார் அங்கயே நிக்கும். 500ஐ இழுத்துப் பாக்கிறதுக்கு ஏ9 இல்லை, ரா நேரம் மாடு படுத்துக் கிடக்கிற ரோட்டில ஆற்ற பிள்ளை சைக்கிளில வருதோ தெரியாது. கட்டுக்குருந்தை மாதிரி ஒழுங்கா ரேஸ் வைக்கிற இடத்துக்குக் கொண்டுபோம்.

மச்சானிட்ட இப்ப கேக்கவேண்டியது: ஏ340 குடும்பத்துக்கு லொக்கப்போட கட்டின கொன்வேட்டர், வால்வ் பொடி கிட், உராய்வுப் பிளேட் செட், ஃபானோட பிளேட் கூலர், சூடு மீற்றர். எல்லாம் சேத்தும் ஒரு டிஎச்400 பெட்டியை விடப் பாரம் குறைவு. ஆனா கொன்வேட்டர் ஓர்டர் பண்ண முந்தி உம்மட ரயர் அளவு, டிஃப் கணக்கு, எஞ்சின் வருசம், டேர்போ எந்தச் சுத்தில முழு பூஸ்டுக்கு வரும், கார் தராசில எத்தினை கிலோ நிக்குது, இந்த அஞ்சையும் எழுதி அனுப்பும். நெல்லு ஏத்திற லொறி நிறுக்கிற தராசில கார் நிறுக்கலாம், கேட்டா விடுவினம். அது வந்தாப் பிறகு ஸ்டோல் எவ்வளவு எண்டு சொல்லுறன், அதுவரைக்கும் மச்சான் காசு கட்டாமல் பாத்துக்கொள்ளும்.